பெட்டிக்குக் கழிவு கிடையாது

"…சாக்கக் கழிக்காம எந்த ஊர்லம்மா நெல்லு நிறுப்பாங்க? இன்னா பாரு, சாக்பீஸ்ல எழுதியே வச்சிருக்கேன். பெட்டி நாலு. நாலும் நாலும் எட்டு. முப்பத்தெட்டுல எட்டு போனா முப்பது. கணக்கு சரியாத்தான இருக்கு!"

இப்படிக் கேட்டவர் என் அக்கா வீட்டுக்காரர். எனக்கு அத்தான். கேட்ட இடம் தூத்துக்குடி விமான நிலையத்துக் கவுண்டர். எங்கள் பெட்டிகள் இரண்டும் எடைமேடை மேல் ஏறி நின்றன. உள்ளே உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்தாள். பெட்டியின் மூடியில் பெரிதாக ஒரு '4', அதைச் சுற்றி ஒரு வட்டம். அவளுக்குச் சிரிப்பு வந்ததா பயம் வந்ததா தெரியவில்லை. எனக்கு இரண்டும் வந்தது. நாங்கள் இருவரும் விமானத்தில் ஏறப்போவது அன்றைக்குத்தான் முதல் தடவை. காலையிலிருந்தே எனக்கு நெஞ்சுக்குள் கொட்டுமேளம்.

சங்கதி இதுதான். அக்கா மகள் பெங்களூரில் இருக்கிறாள். அவளுக்கு ஏழாம் மாதம். பயணம் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வளைகாப்புக்கு ஊருக்குக் கூட்டிவர வழியில்லை. "பிள்ள வர முடியலேன்னா வளைகாப்பு அவகிட்ட போவட்டும்" என்று சொல்லிவிட்டு, அக்கா முன்கூட்டியே பாத்திரம் பண்டத்தோடு ரயில் ஏறிவிட்டாள். அத்தான் அப்போது கிளம்ப முடியவில்லை. கல்லிடைக்குறிச்சியில் அவருக்கு நெல், அரிசி மண்டி. பிசான நெல் அறுவடை தொடங்கிவிட்டது. அறுப்புக் காலத்தில் எலிக்கு அஞ்சு பெண்டாட்டி என்பார்கள். அத்தானுக்கோ ஒரே பெண்டாட்டி, அவளோடு போகக்கூட நேரமில்லை. வளைகாப்புக்கு முந்தின நாள்தான் மண்டியை விட்டு நகர முடியும் என்றார். முந்தின நாள் கிளம்பி மறுநாள் காலையில் தெளிவாக வளைகாப்பு மணைக்கு முன்னால் போய் நிற்க வேண்டுமானால் பறந்துதான் ஆக வேண்டும். மருமகன் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட்டு அனுப்பினான். "கொழுந்தியாளும் வந்தாத்தான் வருவேன், அங்கன போயி நான் எந்த வாசல்னு தேட?" என்பது அத்தானின் நிபந்தனை.

டிக்கெட் போனில் வந்ததும் நான் அதைப் படிக்க உட்கார்ந்தேன். படிப்பு பெரிதாக இல்லாதவள் நான். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே உலகத்தைக் கற்றுக்கொண்டவள். ஆனால் ஒன்றைப் படிக்க எடுத்தால் அடி வரைக்கும் போய்விடுவேன். டிக்கெட்டில் பெரிய எழுத்தில் இருப்பதெல்லாம் வாழ்த்து; விவரமெல்லாம் பொடி எழுத்தில் இருந்தது. உள்ளே அனுப்பும் பெட்டிக்கு ஆளுக்குப் பதினைந்து கிலோ. கையோடு கொண்டுபோகும் பைக்கு ஏழு. ஒரே டிக்கெட்டில் போகிறவர்கள் இரண்டு பெட்டியையும் கூட்டிப் பார்த்து முப்பதுக்குள் இருந்தால் போதும். கூடுதலாக வேண்டுமென்றால் முன்னமே போனில் பணம் கட்டிக்கொள்ளலாம். கவுண்டரில் போய்க் கட்டினால் கூலி ஏறிவிடும். ஊறுகாய் கையில் வரக்கூடாது, பெட்டிக்குள் போகலாம். போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் பெட்டிக்குள் போகக்கூடாது, கையில் வரலாம். கொப்பரைத் தேங்காய் பெட்டிக்குள் கூடவே கூடாது. தெருவில் எல்லோருக்கும் இதை ஒப்பித்துக் காட்டினேன். எதிர்வீட்டுக்காரி சொன்னாள், "ஏளா, பொண்ணு பாக்க வந்தவன்கூட இத்தன கண்டிசன் போடலியே!"

சாமான் சேர்ந்தது. அப்பளம் பேருக்குத்தான் பெரிய கட்டு, எடையே இல்லை. முறுக்கும் மாவுருண்டையும் சேலைகளும் சில்லறை சில்லறையாகச் சேர்ந்து பதினாலு கிலோ. கண்ணாடி வளையலும் மாற்றுத்துணியும் வைத்ததில் எங்கள் கைப்பை இரண்டும் ஏழு ஏழு கிலோ நிறைந்துவிட்டன. ஒரே பொருளாகப் பாரம் என்றால் இரண்டே இரண்டுதான்.

ஒன்று பனங்கிழங்கு. பிள்ளைத்தாய்ச்சி போனில் தன் அப்பாவிடம் கேட்டது அது ஒன்றைத்தான். "அப்பா, எனக்கு நகநட்டு எதுவும் வேண்டாம். மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்ச பனங்கிழங்கு. ராத்திரி கனவுல வருதுப்பா." ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காது வடியும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். மாசி பிறந்துவிட்டால் கிழங்கு முற்றி நாராகிவிடும். அத்தான் மண்டி வேலைக்கு நடுவே திருச்செந்தூருக்கு அந்தப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டுக்கே போய், கடைசியாகத் தோண்டியதில் இளசாகப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். எட்டு கிலோ.

இன்னொன்று அரிசி. அது அவருடைய ஆசை. மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி வந்த அன்றைக்கே, மண்டிக்கு வந்த அம்பை பதினாறு ரகத்தில் நல்ல நெல்லாகப் பார்த்துத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டார். வளைகாப்புக்கு ஐந்து வகைச் சோறு உண்டே, புளியோதரையிலிருந்து தயிர்ச்சோறு வரைக்கும். அதெல்லாம் உதிரி உதிரியாக வர வேண்டுமென்றால் பழைய அரிசிதான் சரி. "ஊருக்கெல்லாம் அரிசி குடுக்குதேன். எம்பிள்ள வளைகாப்புக்கு எவனோ அரைச்ச அரிசியையா பொங்கிப் போடுவாங்க?" என்று அரைத்துப் புடைத்து ஒரு துணிப்பையில் கட்டினார். மகளிடம் சொல்லவில்லை. போய் இறங்கியதும் அடுப்படியில் வைத்து அவிழ்க்க வேண்டுமாம். அதுவும் எட்டு கிலோ.

எடை போட்டது மண்டியில். வேறு எங்கே போடுவார்! முதலில் காலிப் பெட்டியைத் தராசில் ஏற்றினார். நாலு. சாக்பீஸை எடுத்து மூடியில் எழுதினார். அப்புறம் உள்ளே சாமான் பதினைந்து வரும்வரை அடுக்கினார். இரண்டாவது பெட்டிக்கும் அப்படியே. மூட்டை தூக்குகிற அண்ணாச்சிமார் சுற்றி நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. நெல்லை நிறுத்தால் சாக்குக்குக் கழிவு உண்டு. இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளையைக்கூடத் துணியோடு நிறுத்துத் துணியைக் கழிக்கிற ஆட்கள் நாங்கள்.

அப்படி வந்து நின்றதுதான் அந்தக் கவுண்டர்.

"சார், பெட்டியும் சேத்துத்தான் முப்பது" என்றாள் அந்தப் பெண்.

"பெட்டிய எதுக்கும்மா சேக்கணும்? பெட்டியவா திங்கப்போறோம்?"

வரிசையில் சிரிப்பு. எங்களுக்குப் பின்னால் நின்ற, ஏரல் ஊர்க்காரர் ஒருவர், "அண்ணாச்சி சொல்லுததுல நியாயம் இருக்குல்லா!" என்று எடுத்துக் கொடுத்தார். அத்தானுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அந்தப் பெண்ணும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான் போலிருக்கிறது. சார் போய் அண்ணாச்சி வந்தது. "அண்ணாச்சி, பிளேன் பெட்டியையும் சேத்துத்தான தூக்குது? அதுக்கு எது பெட்டி, எது அரிசின்னா தெரியும்?"

அத்தான் பெட்டியைப் பார்த்தார், எடைமேடையைப் பார்த்தார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டார். "அடச்சே! இது வாடகைக் கணக்குல்லா! நான் யாவாரக் கணக்குன்னு நெனச்சிட்டேன்." என் பக்கம் திரும்பினார். "லாரிக்காரனுக்குச் சாக்கோட சேத்துத்தானளா வாடகை குடுக்கோம். இவங்க அரிசி வாங்கவா வந்திருக்காங்க, மூட்ட ஏத்துதவங்கதான! இவ்வளவு வருசம் மண்டியில இருந்துட்டு எனக்கு இது ஓடலியே."

பொடி எழுத்து முழுவதையும் ஒப்பித்த எனக்கும்தான் ஓடவில்லை. ஆனால் அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு உற்சாகமாக இருந்தது. பூட்டு திறந்த மாதிரி ஒரு வெளிச்சம். தோற்றுப்போன ஆள் மாதிரியே இல்லை.

எட்டு கிலோ கூடுதல். கவுண்டரில் ஒரு கிலோவுக்கு அவர்கள் கேட்ட கூலிக்கு எங்கள் கடைத்தெருவில் பத்து கிலோ நல்ல அரிசி வாங்கலாம். "நேத்தே ஆன்லைன்ல கட்டியிருந்தா கொறைச்சல் அண்ணாச்சி" என்றாள் அவள். "சீக்கிரம் முடிவு பண்ணுங்க, கவுண்டர் சாத்தப்போறோம்."

"கூலி கட்டிருவோமா அத்தான்?" என்றேன்.

"கட்டலாம்தான். ஆனா ஊருல போயி இந்தக் கதையச் சொல்ல முடியுமா? அரிசிய விட வாடக பெருசுன்னு எவனாவது மூட்ட ஏத்துவானா?"

வரிசையே எங்களுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டது. கிழங்கை உரித்து நாரைக் கழி என்றது ஒரு குரல். முறுக்கை எல்லோருக்கும் கொடுத்துவிடு, நாங்கள் சுமக்கிறோம் என்றது இன்னொன்று. ஏரல்காரர் தீர்ப்பு சொன்னார்: "பேசாம அரிசிய இங்கனயே பொங்கித் தின்னுட்டு ஏறிருங்க அண்ணாச்சி. வயித்துல கெடக்கதுக்கு எந்த பிளேன்லயும் எடை கெடையாது." கவுண்டர் பெண்ணே சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அரிசி எட்டு, கிழங்கு எட்டு. எது இறங்கினாலும் கணக்கு சரியாகும். கைப்பையிலும் இடமில்லை; இரண்டில் ஒன்று இறங்கித்தான் ஆக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அத்தானின் போன் அடித்தது. மகள்தான்.

"அப்பா, உள்ள போயாச்சா? கிழங்கு வருதாப்பா?"

அத்தான் கிழங்குப் பெட்டியின் மேல் கை வைத்தார். "வருது தாயி. அதுதான் மொதல்ல ஏறுது" என்றார். அரிசியைப் பற்றி அவளுக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை.

போனை வைத்தவர் பெட்டியைத் தரையில் இறக்கிப் படுக்கவைத்துத் திறந்தார். அரிசிப் பையை இரண்டு கையாலும் தூக்கினார். எங்களைக் கொண்டுவந்து விட்ட டிரைவர் வெளியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அரிசியை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப, அவரைப் போக வேண்டாம் என்று நான் போனில் நிறுத்தி வைத்தேன். பையை வாசலுக்குக் கொண்டுபோவார் என்று நான் வழிவிட்டு நின்றால், அத்தான் அதைத் தூக்கி எடைமேடையில் தனியாக வைத்தார். விளக்கெழுத்தில் எட்டு வந்தது. பத்து கிராம் முன்னே பின்னே இல்லை.

"பாத்தியாளா?" என்றார் என்னைப் பார்த்து. கண் இரண்டும் மின்னின. "நம்ம தராசு பொய் சொல்லல!"

"அண்ணாச்சி, நேரமாவுது" என்றாள் கவுண்டர் பெண். பெட்டிகள் இரண்டும் மறுபடி மேடையில் ஏறின. முப்பது. அவள் வால் மாதிரி நீளமாக ஒரு சீட்டை ஒவ்வொரு பெட்டியின் கைப்பிடியிலும் ஒட்டினாள். பெல்ட் நகர்ந்தது. கிழங்கு, மூடியில் சாக்பீஸ் எழுத்தோடு, ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

அரிசிப் பை அத்தானின் கையில் இருந்தது. அவர் வாசல் பக்கம் ஓரடி வைத்தார், நின்றார், கவுண்டருக்கே திரும்பி வந்தார்.

"ஏம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஆளு உடம்புல உடுத்தியிருக்க துணிக்கு எடை போடுவியளா?"

"அதுக்கெல்லாம் போட மாட்டோம் அண்ணாச்சி."

அத்தான் தோளில் கிடந்த துண்டை உருவி, உதறி, அத்தனை பேர் பார்க்கத் தரையில் விரித்தார். குத்தவைத்து உட்கார்ந்து, பையின் வாய்க்கட்டை அவிழ்த்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அரிசியை இடுப்பில் சுற்றிக் கட்டத் தோதாக அதில் நீளவாக்கில் போட ஆரம்பித்தார்.