ஒன்றே முக்கால் கிலோ

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் என் மகன் போன் செய்தான். அவன் ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான். பேசுவதென்றால் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான், அதுவும் நாலே வார்த்தை. உடம்பு எப்படி, மாத்திரை இருக்கிறதா, கரண்ட் பில் கட்டியாச்சா, வைக்கட்டுமா. வியாழக்கிழமை மணி அடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து எடுத்தேன்.

"ஒன்னுமில்லமா, பயப்படாத. நான் பொறக்கசொல்ல எவ்ளோ வெயிட்டு இருந்தேன்?" என்றான்.

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா?"

"டாக்டரம்மா கேட்டாங்க. சுகர் ஏறிக்கினே போவுது. சின்ன வயசுலேர்ந்தே குண்டான்னாங்க, ஆமான்னேன். பொறந்தப்பவும் குண்டான்னாங்க. எனக்கு எங்க தெரியும்?"

அந்த டாக்டரம்மா சொன்னதை அவன் எனக்கும் சொன்னான்.

"தாய் வயித்துல இருக்கும்போது புள்ளைக்குச் சாப்பாடு பத்தலன்னு வையி, அந்த ஒடம்பு கொஞ்சத்துல பொழைக்கப் பழகிக்குமாம். வர்றதச் செலவு பண்ணாம புடிச்சி வெச்சிக்குமாம். பொறந்தப்புறம் நல்லா சோறு கெடச்சாலும் அந்தப் பழக்கம் போவாதாம். ஏழு எட்டு வயசுல ஊத ஆரம்பிச்சி, பின்னாடி சுகர்ல கொண்டுபோயி விடுமாம். எல்லாருக்கும் அப்படி ஆவாதாம், அது ஒன்னுதான் காரணம்னும் சொல்ல முடியாதாம். எடை தெரிஞ்சா எழுதிக்குவாங்களாம்."

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் போகவில்லை.

"யோசிச்சி சொல்றேன்பா" என்று போனை வைத்துவிட்டேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? அந்த எடையை நான் ஒரு நாளும் மறந்தவள் இல்லை. அது தெரிந்த மாமனார், மாமியார், மருத்துவச்சி, என் வீட்டுக்காரர் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தெரியாது என்று நான் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. எடையைச் சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமை நாலு வார்த்தையாவது பேசுகிற மகன் அதற்கப்புறம் பேசுவானா என்று தெரியவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நிறைமாதத்தில் தறியில் உட்கார்ந்து முகூர்த்தப் புடவையை முடித்தவள், காலையில் புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் பிள்ளை பெற்றவள் என்று. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான். கல்யாண வீடோ, காதுகுத்தோ, எங்கே நாலு பெண்கள் உட்கார்ந்தாலும் அதைச் சொல்லுவேன். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டேன்.

எங்கள் தறி குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்தால், நெய்த துணியைச் சுருட்டுகிற படமரம் வயிற்றுக்கு நேரே இருக்கும். ஐந்தாம் மாதம்வரை தொந்தரவில்லை. ஆறாம் மாதம் மரம் வயிற்றைத் தொட ஆரம்பித்தது. அப்போது தறியில் ஏற்றியிருந்த பாவில், அதாவது நீளவாக்கு நூலில், இன்னும் மூன்று புடவை நெய்ய வேண்டியிருந்தது; கடைசியில்தான் முகூர்த்தப் புடவை. மாமியார் நல்ல மனுஷி.

"ஏம்மா, அந்தப் பாவ வேற யாருக்காவது குடுத்துடலாம். புள்ளத்தாச்சி, வயித்த மரத்துல முட்டிக்கினு உக்காந்தா நல்லாவா இருக்குது?" என்றார்.

"நான் ஏத்தின பாவுல இன்னொருத்தி கை வெப்பாளா?" என்றேன்.

அன்றைக்கே சோற்றைக் குறைத்துவிட்டேன். வயிறு பெருத்தால்தானே மரம் முட்டும்? காலையில் ஒரு டம்ளர் கஞ்சி, மத்தியானம் ஒரு கைப்பிடி சோறு. மாமியார் தட்டில் போடுவதை, நெஞ்சைக் கரிக்கிறது என்று பாதிக்குமேல் ஒதுக்கிவிடுவேன். வீட்டில் அரிசி இல்லாமல் இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தால் சுலபமாக வெளியே வரும் என்று அந்தக் காலத்தில் பெரியவர்களே சொல்வார்கள். அது எனக்கு வசதியாகப் போயிற்று. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, "இவ புள்ளத்தாச்சின்னு சத்தியம் பண்ணாத்தாண்டி நம்புவாங்க!" என்று கேலி செய்வாள். எனக்குக் கர்வமாக இருக்கும்.

பிள்ளை வீட்டிலேயே பிறந்தது. அழக்கூட அதற்குத் தெம்பில்லை. மாமனார் பட்டு நிறுக்கிற தராசில் துணி விரித்து அவனைப் படுக்கவைத்தார். மறு தட்டில் ஒரு கிலோ கல், அரைக் கிலோ கல், கால் கிலோ கல். முள் நேராக நின்றது.

"ரெண்டு முகூர்த்தப் புடவ எடகூட இல்லயே" என்றார்.

எப்படியோ அவனைப் பிழைக்கவைத்துவிட்டேன். மூன்று வயதில் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடித்தான். ஏழு வயதில் சட்டைப் பொத்தான் எட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் பூசணி என்று கூப்பிட்டார்கள். தெருவில் அவனை அழைத்துக்கொண்டு போக எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்காகவே சோற்றை அளந்து போட்டேன், முறுக்கு டின்னைப் பூட்டிவைத்தேன். அப்படியும் அவன் இளைக்கவில்லை.

"எங்க திருடித் திங்கற?" என்று கரண்டியால் அடித்திருக்கிறேன்.

"இல்லம்மா" என்பான். வேறொன்றும் சொல்லத் தெரியாது அவனுக்கு.

பத்து வயதுக்குமேல் என் எதிரில் சாப்பிடுவதை அவன் விட்டுவிட்டான். இன்றைக்கும் பொங்கலுக்கு வந்தால் பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுத்தான் வாசற்படி ஏறுவான். நான் சமைத்ததை நானே மூன்று வேளையும் வைத்துத் தின்பேன். தனியாக இருப்பவளுக்குப் பொங்கல் கழிந்த மறுநாள்தான் வீடு ரொம்பப் பெரிதாகத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டான். எடையைப் பற்றிக் கேட்கவே இல்லை. உடம்பு, மாத்திரை, கரண்ட் பில். "வைக்கட்டுமாம்மா?" என்றான்.

"ஒன்னே முக்கா கிலோ" என்றேன்.

"என்னது?"

"நீ பொறந்தப்போ. உங்க தாத்தா நிறுத்தாரு."

"அவ்ளோதானா? ஏன்மா?"

"நான் சாப்புடலப்பா. சோறு இருந்திச்சி. அந்தப் புடவய நானே முடிக்கணும்னு வேணும்னே சாப்புடல." ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. படமரம், கஞ்சி, ஒதுக்கிவைத்த சோறு, எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"பெருமாள் கோயில் வரிசையிலேர்ந்து இழுத்துக்கினு போனியே, நெனப்பிருக்குதா?" என்றான்.

இருந்தது. சின்ன காஞ்சிபுரம் கோயிலில் தொன்னையில் புளியோதரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வயது அவனுக்கு. ஒரு தொன்னை வாங்கித் தின்றுவிட்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றான். எங்கள் தெருப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். "பன்னி, ஒரு தடவ வாங்கித் தின்னது பத்தலயா?" என்று காதைத் திருகி வெளியே இழுத்தேன். வரிசையே சிரித்தது. அவன் அழவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"இருக்குதுப்பா" என்றேன்.

"அன்னிக்கி எனக்கு நெஜமாவே பசிம்மா. நீ நம்பல."

"பசிதான்பா. எனக்குத் தெரியல. உன்ன அடிச்சது என் தப்பு."

இந்த வார்த்தையை நான் கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. அவன் "ம்" என்றான். வைக்கட்டுமா என்று கேட்காமலே வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மகன் பேசினானா என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். அவனுக்கு வேலை அதிகம் என்றேன். நானாகக் கூப்பிடவும் கை வரவில்லை.

நேற்று கூப்பிட்டான். உடம்பு எப்படி, மாத்திரை இருக்கிறதா, கரண்ட் பில் கட்டியாச்சா. வைக்கட்டுமா என்று கேட்பான் என்று காத்திருந்தேன்.

"இன்னிக்கி என்ன கொழம்பு?" என்றான்.

சாப்பாட்டைப் பற்றி அவன் என்னிடம் வாய் திறந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, கத்திரிக்காய் காரக்குழம்பு என்று சொன்னேன்.