கண்ணாடியில் பாதி தெரிந்த பெயர்

கொடைக்கானலில் சீசன் உச்சத்தில் இருந்த ஒரு மே மாதம். 2007 அல்லது 2008 ஆக இருக்கும். ஏழு ரோடு சந்திப்புப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தது கம்ப்யூட்டர். கூடப் படித்தவர்கள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட, நான் மட்டும் வீட்டுச் சூழ்நிலையால் செண்பகனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துபோகிற இந்த வேலையில் மாட்டிக்கொண்டேன். ஆனாலும் மனசுக்குள் ஏதோ பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பதாகத்தான் நினைப்பு.

முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். அவருக்குச் சொந்தமாக இருந்த வண்டிகள் கொஞ்சம்தான். ஆனால் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் டாக்ஸி, ஜீப் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் எங்களிடம் விவரம் பதிந்திருந்தார்கள். சவாரி வந்தால் பாய் அவர்களுக்குப் போன் போடுவார். அந்த விவரங்களையெல்லாம் டேட்டாபேஸில் ஏற்றி, பிரவுசரில் தேடிப் பார்க்கிற மாதிரி ஒரு வெப் அப்ளிகேஷன் செய்துகொண்டிருந்தேன். வண்டி எண், நிறம், டிரைவர், ஊர், போன் நம்பர். கூடவே முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பெயரும். எங்கள் ஊரில் வண்டியை எண் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள்? “வேளாங்கண்ணி வந்துருச்சா”, “பழனியாண்டவர லேக்குக்கு அனுப்பு” என்றுதான் பேச்சு.

அப்போதுதான் இணையத்தில் அந்த வித்தை புதிதாக வந்திருந்தது. தேடல் பெட்டியில் இரண்டெழுத்து அடித்தால் மீதிப் பெயர்கள் தானாகக் கீழே வரிசையாக வந்து நிற்கும். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நம் பெட்டியும் அப்படி வேலை செய்ய வேண்டும் என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். அலுவலகக் கம்ப்யூட்டரோ அரதப் பழசு. பெயருக்குள் எங்கே அந்த எழுத்துகள் இருந்தாலும் தேடு என்றால், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். பெயரின் ஆரம்பத்தில் மட்டும் தேடு என்றால் சட்டென்று கொண்டுவந்து கொடுக்கும். எனக்கு வேகம்தான் பெருமை. ஆரம்பம் மட்டும் போதும் என்று முடிவு செய்து, பாயிடமும் போட்டுக் காட்டினேன். “அடேயப்பா!” என்றார். நான் தரையில் நிற்கவில்லை.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. எதிர் லாட்ஜிலிருந்து ஒரு பெண் செருப்பில்லாமல் ரோட்டைக் கடந்து ஓடி வந்தார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். பெரிய குடும்பமாக வந்து, ஏரிக்கரையில் வந்த இரண்டு வண்டிகளைக் கைகாட்டி நிறுத்திப் பேசி, தூண் பாறை எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். இறங்கும்போது பிள்ளை அந்த வண்டியில் வருகிறான் என்று இவரும், இந்த வண்டியில் வருகிறான் என்று மற்றவர்களும் நினைத்துவிட்டார்கள். நாலு வயதுப் பையன். இவர் வந்த வண்டியின் கடைசி சீட்டில், சால்வைக் குவியலுக்குள் தூங்கிப்போயிருக்கிறான். அறைக்குள் போய் ஆளை எண்ணியபோதுதான் தெரிந்திருக்கிறது. அதற்குள் இரண்டு வண்டியும் போயே போய்விட்டன. கணவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட, இவர் டாக்ஸி என்ற போர்டைப் பார்த்து எங்களிடம் ஓடி வந்திருக்கிறார்.

“தங்கச்சி, எம்புள்ளயத் தேடிக் குடுங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது.

வண்டி எண் தெரியவில்லை. வெள்ளை நிறம், எட்டுப் பேர் உட்காரலாம், டிரைவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். கொடைக்கானலில் ஸ்வெட்டர் போடாத டிரைவர் யார்? நிறத்தில் வெள்ளை என்று கொடுத்தேன். திரை நிறைய வெள்ளை வண்டிகள். பாய் வாசலுக்குப் போய், அங்கே நின்றிருந்த டிரைவர்களிடமெல்லாம் விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. மலைப்பாதை, பனி, எங்கே போகிறதென்றே தெரியாத ஒரு வண்டி, அதற்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு குழந்தை.

“கண்ணாடியில என்ன எழுதிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்காக்கா?” என்று கேட்டேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வளைவுகளில் குமட்டிக்கொண்டு வந்ததால், வாந்தி வராமலிருக்க முன்கண்ணாடி எழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாராம். உள்ளேயிருந்து பார்த்தால் எழுத்து இடவலம் மாறித்தானே தெரியும்? ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் படித்திருக்கிறார். “மலர்னு வந்துச்சு தங்கச்சி. நல்லா ஞாபகம் இருக்கு, மலர்.”

பாய் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். “வெரசா போடும்மா.”

மலர் என்று அடித்தேன். அடித்து முடிக்கும் முன்பே ‘மலர்விழி’ என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது. ஒரு நொடி எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. ஆனால் பாய் உதட்டைப் பிதுக்கினார். மலர்விழி பச்சை ஜீப். அதன் டிரைவர் எங்கள் வாசலில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அதுக்கு முன்னாடி வேற ஏதோ இருந்துச்சு. டிரைவரு வெயிலுக்குன்னு எறக்கிவிட்ட அட்டை மறச்சிருச்சு” என்றார் அந்த அம்மா. அவரிடம் இருந்தது பெயரின் கடைசிப் பாதி. என் பெட்டிக்குத் தெரிந்ததோ முதல் பாதி மட்டும்.

தேடுவதற்காக நான் எழுதியிருந்த நிரல் வரியில் ஒரு சதவீதக் குறி உண்டு. ‘இந்த இடத்தில் எது இருந்தாலும் சரி’ என்று அதற்கு அர்த்தம். நான் அதைப் பின்னால் மட்டும் வைத்திருந்தேன். முன்னாலும் ஒன்று வைத்தால் போதும். அவ்வளவுதான் சோலி. ஆனால் அவசரத்தில் முதல் முறை தப்பான இடத்தில் வைத்துவிட்டேன். பக்கமே வெளுத்துப்போனது. அந்த அம்மா விடும் மூச்சு என் கழுத்தில் பட்டது. அழித்துவிட்டுத் திரும்ப வைத்தேன். மறுபடியும் மலர். கம்ப்யூட்டர் யோசித்தது. அப்படி யோசிக்கும் என்றுதானே அதை வேண்டாமென்று விட்டிருந்தேன்! பிறகு கீழே மூன்று வரிகள் வந்தன. ஒன்று மலர்விழி. பூமலர் என்பது நீல வேன். மூன்றாவது, தங்கமலர். வெள்ளை, எட்டு சீட், ஊர் பேத்துப்பாறை.

“அட, நம்ம தங்கமலரு!” என்று பாய் போனை எடுத்தார். டிரைவரின் செல்போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. அவர் வீட்டுக்குக் கீழேயிருந்த மளிகைக் கடை நம்பரும் பதிந்திருந்தது. கடைக்காரர் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் ரிசீவரை அப்படியே வைத்துவிட்டு ஓடினார் போலிருக்கிறது. சேவல் கூவுவதும் யாரோ யாரையோ கூப்பிடுவதும் கேட்டது. பாய் ரிசீவரை அந்த அம்மாவின் காதில் கொடுத்தார். நானும் ஒட்டி நின்றேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோமென்று தெரியாது.

கடைசியில் ஒரு பெண் குரல், மூச்சிரைக்க. டிரைவரின் மனைவி. “அக்கா, புள்ள இங்கதாங்க தூங்கிக்கிட்டுக் கெடக்கு. வண்டிக் கதவத் தொறந்ததுக்குக்கூட முழிக்கலைங்க. பயப்படாதீங்க, இந்தா எங்க வீட்டுக்காரு கெளம்பிட்டாக.”

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நன்றாக அழுதேன். அவ்வளவு நிம்மதியை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். டிரைவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கியபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. “சாப்டுட்டு வத்தலக்குண்டுக்கு எறங்கலாம்னு இருந்தேங்க. பின் கதவுக் கொக்கி வேற சரியில்ல, கயிறு போட்டுத்தான் கட்டிருந்தேன்” என்றார். பையன் கிளம்பும்போதே முழித்துவிட்டானாம்; டிரைவரின் ஸ்வெட்டரை விட மாட்டேனென்று பிடித்துக்கொண்டு, அங்கே ஆடு இருக்கிறது, திரும்பப் போகலாம் என்று அடம்பிடித்தான். அம்மா முதுகில் ஒன்று வைத்தார், அடுத்த நொடியே அள்ளிக்கொண்டார்.

மறுநாள் தேடல் வரியைப் பழையபடி மாற்றட்டுமா, இப்படியே விட்டால் ஆமையாக நகருமே என்று பாயிடம் கேட்டேன். “மெதுவாவே வரட்டும்மா. வந்தாப் போதும்” என்றார்.

அதற்குப் பிறகு ஊர் மாறி, வேலை மாறி எத்தனையோ தேடல் பெட்டிகள் செய்துவிட்டேன். எதையாவது தொலைத்துவிட்டு ஓடி வருகிறவர் கையில் எந்தத் துண்டு மிஞ்சியிருக்கும் என்று நமக்குத் தெரியாது, எந்தத் துண்டோடு வந்தாலும் திருப்பி அனுப்பிவிடாமல் இருக்க வேண்டும் என்பதை, வேலைக்கு மட்டுமில்லை, என்னிடம் உதவி கேட்டு வருகிற ஒவ்வொருவர் விஷயத்திலும் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.