தலைக்கணக்கு நாள்

கல்வி அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பங்குக்காரம்மா’. எழுத்தராகச் சேர்ந்து, மேசை மேசையாக நகர்ந்து, கடைசியில் மாவட்டக் கல்வி அதிகாரி நாற்காலிக்கு வந்து சேர்ந்த முப்பத்து மூன்று வருடமும் அவர் வாயில் ஒரே பேச்சுதான்: வசதி இருக்கிற பள்ளிக்கே அள்ளிக் கொடுக்காதே, இல்லாத பள்ளிக்கும் பங்கு கொடு. கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்குக் காது புளித்துவிட்டது. அதற்காக அவர் நிறுத்தினாரா என்ன?

ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது, ஆற்றோரப் பள்ளி மட்டும் ஏன் தலையெடுக்கவே மாட்டேன் என்கிறது என்று நேரில் பார்க்கக் கிளம்பினார். நல்ல மழை. ஜீப் பாலத்தோடு நின்றுவிட்டது. மீதித் தூரம் ஓட்டுநரோடு முழங்கால் தண்ணீரில் நடந்தார்.

“நான் படிச்ச ஸ்கூல்தான் மேடம்,” என்றார் ஓட்டுநர். “எட்டாவதோட சரி. கணக்கு டீச்சரே கிடையாது. பெயிலாயி நின்னுட்டேன்.”

வகுப்புகளில் பாதிக்கு மேல் பெஞ்சு காலி. தலைமையாசிரியை நாற்பத்தொரு பேரை எண்ணிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

“மத்த நாள்ல நூத்திப்பத்து பேர் வருவாங்க மேடம். மழைன்னா பாதை முழுகிடும். இன்னைக்குப் பாத்து தலைக்கணக்கு நாள். இந்தத் தலையை வெச்சுத்தானே அடுத்த வருஷ டீச்சரும் பணமும். எந்த மகராசன் குறிச்ச நாளோ, மழையில ஒரு தடவை இங்க வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

பங்குக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மகராசன் அவரேதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், “எல்லா ஸ்கூலுக்கும் பொதுவா ஒரு நாள் குறிம்மா,” என்று மேலதிகாரி சொன்னார். இவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டினார். தேர்வு இல்லாத, விடுமுறை ஒட்டாத ஒரு மழை மாதத்தில் இரண்டாவது புதன்கிழமை. எல்லோருக்கும் ஒரே நாள் என்றால் சமம்தானே? சபாஷ்கூட வாங்கினார். மேட்டுப் பகுதியில் வளர்ந்தவருக்கு மழை என்றால் குடை, அவ்வளவுதான்.

வருடம் முழுக்க வருகையின் சராசரியை எடுக்க வேண்டும் என்று கல்விக் குழுவுக்கு எழுதினார். கூட்டத்தில் குழுத் தலைவர் மசியவில்லை.

“முப்பது வருஷமா இருக்கிற நாளும்மா. விவரம் தெரிஞ்சவங்க யோசிக்காமலா குறிச்சிருப்பாங்க?”

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பாராட்டு விழாவோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். அவருக்கு வெட்கமாக இருந்தது. “குறிச்சது நான்தான் சார். யோசிக்கவே இல்ல,” என்றார்.

பழைய கோப்பை வரவழைத்துப் பார்த்தார்கள். அடியில் அவர் கையெழுத்து. அன்றைக்கே சராசரித் தீர்மானம் நிறைவேறியது. பாராட்டு விழாவைப் பற்றி அப்புறம் யாரும் பேச்செடுக்கவில்லை.

அவர் வாசலுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டிருந்தது. ஓட்டுநர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

“தம்பி, உங்க காலத்துல கணக்கு டீச்சர் இல்லாமப் போனது...”

“கேள்விப்பட்டேன் மேடம்.”

“திட்டணும்னு தோணினா திட்டிடுங்க.”

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். கடைத்தெரு வளைவில் ஹாரன் அடித்துத் திருப்பினார்.

“என் பொண்ணு அங்கதான் ஏழாவது படிக்கிறா மேடம்,” என்றார் பிறகு. “அடுத்த வருஷம் கணக்கு டீச்சர் வந்துடுவாங்கல்ல?”