அப்பாவின் துப்பாக்கியும் என் அவசரமும்

கிள்ளானுக்கு அருகே மேருவில் உள்ள எங்கள் பழத்தோட்டத்தில் காட்டுப்பன்றிகளை விரட்ட, அப்பா முறையான உரிமத்துடன் வேட்டைத் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு, உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய வாரத்தில், அவர் கால் முறிந்து கிள்ளான் மருத்துவமனையில் படுத்திருந்தார். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் தங்கி இலக்கியம் படிக்கும் நான் மருத்துவமனைக்கு விரைந்தேன்.

வீட்டு இரும்புப் பெட்டியின் சாவியைக் கொடுத்து, உரிமப் புத்தகத்தை மட்டும் எடுத்துவரச் சொன்னார். வீட்டில் பெட்டியைத் திறந்ததும், ஆண்டுதோறும் அவர் அதிலிருந்த துப்பாக்கியையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவது என் நினைவுக்கு வந்தது. அவருடைய அலைச்சலைக் குறைக்க எண்ணி, அதைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்பக்கத்தில் வைத்தேன். புறப்படும் முன் அவரை அழைத்துச் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

“வண்டிய எடுத்துட்டியா?”

“இன்னும் இல்லப்பா.”

“எடுக்காத. லைசென்ஸ் எம்பேருல இருக்கும்மா. ரோட்டுல பிடிச்சா உன்னை உள்ள வச்சிருவாங்க.”

பக்கத்துப் படுக்கைக்காரரின் கைப்பேசியை வாங்கி அப்பாவே காவல் நிலையத்துக்குப் பேசினார். என் அழைப்பை மட்டும் துண்டிக்கவில்லை. “சாப்டியா? தண்ணி குடிம்மா” என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்த போலீஸ் சார்ஜன் போர்வையைப் பிரித்துச் சிரித்துவிட்டார். “என்ன தங்கச்சி, பச்சப்பிள்ளைய சுத்துற மாதிரி சுத்தியிருக்கே? நல்லவேளை, வாசல் கேட்டத் தாண்டல லா.” அப்பா நலம்பெறும்வரை துப்பாக்கி நிலையத்தில் இருக்கும் என எழுதிக் கொடுத்தார்.

இவ்வாண்டு புதுப்பிக்கும் நாளில் நான் காரை ஓட்டினேன். காவல் நிலைய வாசலில் அப்பா ஊன்றுகோலோடு, நலமானதும் திரும்ப வாங்கியிருந்த துப்பாக்கியைத் தாமே தூக்கிக்கொண்டு மெதுவாக இறங்கினார். உதவ நீண்ட கையை மடக்கிக்கொண்டு, அவரிடமிருந்து உரிமப் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.