ஜுமாடியின் ஃபோல்டர்

இந்தோனேசியாவின் செமாராங் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில்தான் பைக் டாக்ஸி ஓட்டும் நாங்கள் சவாரிக்குக் காத்திருப்போம். அதுவரை போனில் பழைய கன்சோல் கால்பந்து ஓடும். அதை ஓட்டும் எமுலேட்டர் ஆப்புக்கு பயாஸ் என்ற சிஸ்டம் ஃபைல் வேண்டும். இல்லாவிட்டால் கேம் திறக்காது. எங்களில் யாரும் அதைத் தேடி அலைவதில்லை. ஜுமாடி தன் போனில் இருக்கும் ஃபோல்டரை அப்படியே ஏற்றிக் கொடுத்துவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களில் மூத்தவர், 'பாக்' என்று மரியாதையாக நாங்கள் அழைக்கும் பாக் வசித்தோ, போனை நீட்டினார். இடம் போதவில்லை என்று பயாஸை அழித்துவிட்டிருந்தார்.

"பாத்துச் செய்டா. நானும் அரிஸும் ஆடின லீக் இதுலதான் இருக்கு. சாயங்காலம் வீடியோல கூப்பிடுவான், காட்டச் சொல்லியிருக்கான்."

அரிஸ் அவர் மகன். தைவானில் வேலை. கிளம்புவதற்கு முன், ஆட்டக்காரர்களுக்கெல்லாம் தெருக்காரர்களின் பெயரை வைத்து அப்பாவும் மகனும் சேர்ந்து ஆடிய லீக் அது.

"கண்ண மூடிட்டே செய்வேன் பாக்."

"வேணாம்பா, தொறந்துட்டே செய்," என்றான் எங்களில் ஒருவனான புடி. எல்லோரும் சிரித்தோம்.

ஏற்கெனவே இருப்பதை மாற்றவா என்று போன் கேட்டது. பழக்கதோஷத்தில் ஜுமாடி சம்மதம் அழுத்தினான். கேம் திறந்தது. உள்ளே இருந்தது ஜுமாடியின் அணி. ஃபோல்டரோடு அதில் சேமித்திருந்த அவன் ஆட்டமும் போய், அவர்கள் ஆட்டத்தை அழித்துவிட்டிருந்தது.

தான் செய்தது ஜுமாடிக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயில் வேறு வந்தது. "நீங்க பயாஸ அழிச்சப்பவே லீக்கும் போயிருக்கு பாக்."

அவர் நம்பிவிட்டார். சாயங்காலம் அரிஸ் கூப்பிட்டபோது தலையைச் சொறிந்தபடி, "மன்னிச்சுக்கடா, நான்தான் எதையோ அழிச்சித் தொலைச்சிட்டேன். மூளை மழுங்கிப்போச்சு," என்றார்.

ஜுமாடி கடித்த தெம்பே சோயா வறுவலைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தான். போனை வாங்கினான்.

"அரிஸ், உங்கப்பா மேல தப்பில்ல. நான்தான் பாக்காம அழுத்தினேன். பொய்யும் சொன்னேன்."

கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"சரி. அப்பாகிட்ட குடுங்க," என்றான் அரிஸ்.

ஜுமாடி தலை நிமிரவேயில்லை. பேசி முடித்த பாக் வசித்தோ அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போனை மட்டும் அவனிடம் கொடுக்கவில்லை.

"புது லீக் ஆரம்பிக்கச் சொல்றான். எங்க அழுத்தணும்னு சொல்லு. நானே அழுத்திக்கிறேன்."