கை பட்டதா?

எங்கள் மருத்துவமனையில் அவளைப் பசை அக்கா என்றுதான் சொல்வோம். மூளை அலை எடுக்கும் அறை அவளுடையது. நோயாளியின் தலைமுடியைச் சீப்பால் வகிர்ந்து, பசை தடவி, ஒவ்வொரு வயராக ஒட்டுவாள். வீட்டுக்குக் கிளம்பும்போதும் நகக்கண்ணில் அந்தப் பசை வெள்ளையாகத் தெரியும். பக்கத்து எக்ஸ்ரே அறை என்னுடையது. எலும்பு முறிந்ததா இல்லையா என்று என் படம் பட்டென்று சொல்லிவிடும். அவள் பாடு அப்படியில்லை.

நினைவில்லாமல் கிடப்பவர்களின் சொந்தக்காரர்கள், திரையில் நெளியும் கோடுகளைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன நினைக்கிறார் என்று கேட்பார்கள். சொல்லிச் சொல்லி அவள் பதிலே தேய்ந்துபோயிருந்தது. "வீட்டுல கரன்ட் ஓடுதான்னுதான் மீட்டர் சொல்லும். உள்ள என்ன பேசிக்கிறாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" கேட்டவர் முகம் வாடினால், பேசிக்கொண்டே இருங்கள், காதில் விழுந்தாலும் விழும் என்று சேர்த்துக்கொள்வாள். சொல்வதற்குக் காசா பணமா?

அந்த வார்த்தை அவள் குடும்பத்துக்கே திரும்பி வந்தது. வண்டியிலிருந்து விழுந்த அவள் தம்பி கண்ணே திறக்கவில்லை. தம்பி பெண்டாட்டி அண்ணியின் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வேலைக்குப் போகாமல், மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கட்டிலருகே உட்கார்ந்து பேசினாள். மகளின் பள்ளிக்கூடம், ஒழுகும் குழாய், மாடி வீட்டுச் சண்டை. தொண்டை கட்டி, கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது.

"அண்ணி, அவருக்குக் கேக்குதா இல்லையான்னு உங்க மெஷின்ல பாத்துச் சொல்லிடுங்க. கேக்கலைன்னா நிறுத்திக்கிறேன். என்னால முடியல."

சொந்தத் தம்பிக்கு வேறு யாரையாவது எடுக்கச் சொல் என்றேன். கேட்டால்தானே. துணைக்கு நானும் போனேன்.

இந்தப் பதிவில் ஒரு முறை உண்டு. நடுவில் நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கை தட்ட வேண்டும், அலை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது வயர்மேல் கை படவே கூடாது. பட்டால் கோடு துள்ளும்; துள்ளியது மூளையா கையா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை இதற்காகவே அவள் வறுத்தெடுப்பாள்.

சீட்டில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒன்றுமில்லை. கை தட்டினாள். ஒன்றுமில்லை. பிறகு குனிந்து, வீட்டில் கூப்பிடுகிற மாதிரி, "டேய் குண்டா" என்றாள். கோடுகள் துள்ளின.

தம்பி பெண்டாட்டி எழுந்துவிட்டாள். "கேட்டுட்டாருல்ல அண்ணி?"

பசை அக்கா திரையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். கை தம்பியின் தலைமாட்டிலேயே இருந்தது.

"என் கை பட்டுடுச்சும்மா" என்றாள். பதிவிலும் அப்படியே குறித்தாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். கோடு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மூளை வேலை செய்கிறது, கூப்பிட்டதற்குப் பதில் தெரியவில்லை, உள்ளே அவருக்கு என்ன தெரிகிறது என்று சொல்ல எங்களுக்கு வழியில்லை என்றார் டாக்டர். மழுப்பாத நல்ல மனுஷன். இருந்தும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நிலவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். ஒரு முழம் தள்ளிப் படுத்திருப்பவனுக்குக் காது கேட்கிறதா என்று சொல்ல நாதியில்லை.

தம்பி பெண்டாட்டி பேச்சை நிறுத்தினாள். மகளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள், வேலைக்குப் போனாள். மாலையில் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவாள். முகத்தில் தூங்கிய களை கொஞ்சம் வந்திருந்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

ஆனால் பசை அக்கா, வேலை முடிந்ததும் தம்பி பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தாள். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவள், இன்று யார் தலையில் எண்ணெய் வழிந்தது, எந்த வயர் ஒட்டாமல் பாடாய்ப் படுத்தியது என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மாலை நானும் இருந்தேன். தம்பி பெண்டாட்டி வந்து, கேட்டபடியே வாசலில் நின்றாள்.

"அவருக்குத்தான் கேக்கலையே அண்ணி. யாருகிட்ட பேசுறீங்க?"

பசை அக்கா நகக்கண்ணில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினாள்.

"கை பட்டதா எனக்கு ஞாபகமே இல்லம்மா. நீ போய்த் தூங்கணும்னு அப்படிச் சொன்னேனா, நெஜமாவே பட்டுச்சா, தெரியல. என் மனசே எனக்குத் தெரியல, அவன் மனச நான் என்னத்தச் சொல்ல?"

தம்பி பெண்டாட்டி கோபப்படுவாள் என்று பயந்தேன். அவள் பையை இறக்கி வைத்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க போய்ப் படுங்க அண்ணி" என்றாள். "நான் பேசுறேன்."