போட்டோ ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

தஞ்சாவூரில் ஒரு உள்ளூர் டிவியில் வீடியோ சரிபார்க்கிற வேலை எனக்கு. எல்லாரும் ஓடுகிற நேரத்தில் ‘இது எங்கேருந்து வந்துச்சு?’ என்று குறுக்கே நின்று திட்டு வாங்கத்தான் சம்பளம். காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்ததும் ‘இது நிஜமா?’ என்று கேட்கிற எல்லாரும் என் சொந்தக்காரர்கள். உங்களிடம்தான் இதையெல்லாம் சொல்ல முடியும்.

யார் கொடுத்தது?

அன்று வந்த வீடியோ ஒரு நிமிஷம்கூட இல்லை. கறுப்புக் கொடி, முகம் மூடிய ஆள், புரியாத பாஷை. கீழே தமிழில், ‘உளவாளி என்று தீவிரவாதிகள் சுட்டுக்கொன்ற தமிழர்’. கூடவே குமரேசன் போட்டோ. திருவாரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வெளிநாட்டுக்கு பொக்லைன் ஓட்டப் போனவர். சில மாதமாக வீட்டுக்கு போனே இல்லை. தீவிரவாதிகளின் சேனலே வெளியிட்டது என்றார்கள். எந்தச் சேனல் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அதை எங்களுக்கு அனுப்பிய சென்னை நிருபரைக் கேட்டேன். நாகப்பட்டினத்து நிருபர் அனுப்பியதாம். அவர் வெளிநாட்டுத் தமிழர் குரூப் ஒன்றைக் கைகாட்டினார். குரூப்பை நடத்துகிறவரை விடாமல் பிடித்தேன். மனுஷன் ரொம்ப நிதானமாகச் சொன்னார்: “என்னம்மா என்னைக் கேக்குறீங்க? உங்க தஞ்சாவூர் டிவிக்காரங்களே கன்ஃபார்ம் பண்ணிட்டாங்கன்னு சொல்லித்தானே எனக்கு வந்துச்சு.”

கட்டைவிரல்

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் நகம் கருத்த ஒரு கட்டைவிரல். எங்கள் பழைய காட்சியைத் தேடி எடுத்தேன். புருஷனைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி கலெக்டரிடம் மனுக் கொடுக்க வந்த அன்று, குமரேசன் மனைவி மஞ்சுளா அந்தப் போட்டோவை எங்கள் கேமரா முன்னால் தூக்கிப் பிடித்திருந்தாள். அது அவள் விரல். எங்கள் செய்தியிலிருந்தே படத்தை வெட்டி, எவனோ கொடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறான். பாஷை தெரிந்தவரிடம் போட்டுக் காட்டினேன். பேச்சில் குமரேசன் பெயரே இல்லை என்றார். பாவி, ஒரு பொம்பளையின் விரலைக்கூட விட்டுவைக்கவில்லை.

பழைய காட்சியையும் இதையும் பக்கத்தில் வைத்து செய்தி ஆசிரியரிடம் காட்டினேன். பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். “பொய்தாம்மா, ஒத்துக்கறேன். ஆனா எல்லாரும் போட்டுட்டாங்களே, நாம மட்டும் போடலைன்னா தூங்கிட்டோம்னுல்ல நினைப்பாங்க?”

தீட்டு

சண்டை போட்டு, ‘வீடியோ போலி’ என்றே எங்கள் சேனலில் போடவைத்தேன். அதற்குள் மற்றவர்கள் போட்டதை ஊர் பார்த்துவிட்டது. நேரில் போனேன். வயலில் நடவு பாதியில் நின்று, நாற்றுக்கட்டுகள் வரப்பில் வாடிக்கிடந்தன. குமரேசன் வீட்டு வாசலில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். உடம்பே வராத சாவுக்குப் பந்தல்.

குமரேசனின் பெரியப்பா மகன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை, அழுதுகொண்டேதான் கேட்டார்: “மேடம், இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. அடுத்த வாரம் பொண்ணுக்குக் கல்யாணம். பங்காளிங்க எங்களுக்குத் தீட்டு உண்டா, இல்லையா?”

மஞ்சுளா

உள்ளே பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பொட்டை அழிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் தாலியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். என் போனில் இரண்டு படத்தையும் காட்டினேன். திரையில் இருந்த விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

“அப்ப அவரு இருக்காராக்கா?”

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. அந்த ஒரு வார்த்தைக்கு வீடே காத்திருந்தது. ஆனால் என்னிடம் அதற்கு என்ன ஆதாரம்? நானும் ஒரு ஃபார்வர்டு ஆகிவிடக் கூடாது.

“தெரியாதும்மா. ஆனா இந்த வீடியோவை வச்சு அவரு இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது” என்றேன்.

எழுந்து வாசலுக்குப் போனாள். சாமியானாவை அவிழ்க்கச் சொன்னாள். குமரேசனிடமிருந்து இன்றுவரை தகவல் இல்லை. பஸ் ஏற்றிவிட வந்தபோது அவள் சொன்னது: “செத்துட்டாருன்னு சொல்ல ஊரே வந்துச்சுக்கா. தெரியாதுன்னு சொல்ல நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க.”

இத்தனை வருஷ வேலையில் நான் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோன ஆகப்பெரிய நல்ல செய்தி, ‘தெரியாது’ என்பதுதான்.